சனிக்கிழமை மாலைகளில் சமாதானப் படிப்பு: மதுரை வகுப்பு ஒன்றின் மதிப்புரை

மதுரை தல்லாகுளத்தில் ஓர் அறக்கட்டளை சனிக்கிழமை மாலைகளில் நடத்தும், நாடுகளுக்கிடையேயான பிணக்குகளையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் பற்றிய சான்றிதழ் வகுப்பை முழுவதும் அமர்ந்து கேட்டு முடித்தேன். எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், கட்டணம் 3,500 ரூபாய். அச்சிட்ட பாடக் குறிப்புகளும் இடைவேளைத் தேநீரும் இதில் அடங்கும். நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அறக்கட்டளையின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். இப்படிப்பட்ட வகுப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது வாசகருக்கு விளங்கினால் போதும்.

நான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கறிஞர். சமரச மையத்துக்கு அனுப்பப்படும் சொத்து வழக்குகளிலும் குடும்ப வழக்குகளிலும் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும் பணியையும் செய்துவருகிறேன். எங்கள் மேசையில் கையெழுத்தாகும் உடன்பாட்டுக்குப் பின்னால் ஒரு நீதிமன்றம் நிற்கிறது. ஒருவர் ஒப்புக்கொண்டபடி நடக்காவிட்டால் மற்றவர் நிறைவேற்றுதல் மனு போடுவார், நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். நாடுகளுக்கு மேலே அமீனா கிடையாது. அப்படியானால் அவை போட்டுக்கொள்ளும் ஒப்பந்தங்களை எது காப்பாற்றுகிறது, எது கைவிடுகிறது என்ற ஒரே கேள்வியோடுதான் வகுப்பில் சேர்ந்தேன். ஆகவே இந்த மதிப்புரையும் அந்தக் கேள்வியை வைத்தே வகுப்பை எடைபோடுகிறது. வேறு தேவையோடு வருபவருக்கு வேறு கணக்கு தோன்றலாம்.

முதல் இரண்டு வாரங்கள் ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. பேராசிரியர் நிதானமானவர், சாசனத்தின் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்து, உறுப்பு உறுப்பாக வாசிக்கச் செய்தார். பலத்தைப் பயன்படுத்துவதையும் அப்படி மிரட்டுவதையும் தடுக்கும் 2(4), தற்காப்புக்கு இடம் தரும் 51, பேச்சுவார்த்தை, உண்மையறிதல், நடுவர் முயற்சி, இணக்கம், நடுவர் தீர்ப்பு, நீதிமன்றத் தீர்வு என்று வழிகளை வரிசைப்படுத்தும் 33 ஆகிய உறுப்புகளை ஒன்றோடொன்று சேர்த்துப் படித்தபோது, 1945-இல் எழுதியவர்கள் போரைத் தடைசெய்வதோடு நில்லாமல் அதற்கு மாற்றாக ஒரு படிக்கட்டையே கட்டிவைத்திருப்பது தெரிந்தது. பாதுகாப்பு மன்றத்தின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கு உள்ள தடுப்பதிகாரத்தை (வீட்டோ) பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் 27(3)-இன்படி, பிணக்குகளை அமைதியாகத் தீர்ப்பது பற்றிய ஆறாம் அத்தியாயத்தின் கீழ் எடுக்கப்படும் முடிவுகளில் பிணக்கில் தொடர்புள்ள நாடு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும் என்ற விதி இருப்பதும், நடைமுறையில் அது ஏறத்தாழ மறக்கப்பட்டிருப்பதும் வகுப்பில் பலருக்குப் புதிய செய்தி. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பதைச் சட்டக் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே படித்த எனக்கு, அதை எழுதிவைத்தும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்பது எரிச்சலூட்டியது.

என் கேள்விக்கு முதல் பதில் மூன்றாம் வாரத்தில் வந்தது. வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான கடல் எல்லையை, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் தி ஹேகில் அமர்ந்த நடுவர் தீர்ப்பாயம் 2014 ஜூலையில் பிரித்துக் கொடுத்தது. பிணக்கில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குப் போனது. பெரிய நாடு, பெரிய கடற்படை, பெரும்பங்கை இழந்த தரப்பு. இருந்தும் இந்தியா தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டு கழித்து, 2016 ஜூலையில், தென் சீனக் கடல் குறித்துப் பிலிப்பைன்ஸ் கொண்டுவந்த வழக்கில் அதே கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் சீனாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, சீனா அதை ஏற்க மறுத்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதற்காக ஒருவர் கட்டுப்பட்டார், மற்றவர் கட்டுப்படவில்லை?" என்று பயிற்றுநர் கேட்டார். எல்லை உறுதியானால் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு வழி பிறக்கும், அண்டை நாட்டோடு உள்ள உறவும் கெடாது என்று இந்தியா கண்ட ஆதாயத்தை எங்களையே கண்டுபிடிக்கவைத்தார். கட்டுப்படுவதில் ஆதாயம் இருக்கும்போது அமீனா தேவைப்படவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

வகுப்பின் உச்சம் நான்காம், ஐந்தாம் வாரங்கள். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தையும் இலங்கையையும் ஒப்பிட்ட பகுதி அது. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை இரண்டையுமே அடித்தது. இரண்டிலும் நீண்ட உள்நாட்டுப் போர் இருந்தது. ஆச்சேயில் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் உடன்பாடு கையெழுத்தானது, இலங்கையில் போர் மீண்டும் மூண்டு 2009 மே மாதத்தில் பேரழிவோடு முடிந்தது. இந்த வேறுபாட்டுக்குத் தலைவர்களின் குணத்தையே காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. பயிற்றுநர் அந்தப் பக்கம் போகவில்லை. பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி நடுவராக இருந்து உருவாக்கிய ஹெல்சிங்கி உடன்பாட்டில் எந்த வேலை எந்த வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். ஆச்சே விடுதலை இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அது நான்கு கட்டமாக, 2005 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈடாக, வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்ட அரசுப் படைகளும் கட்டம் கட்டமாகத் திரும்பிப் போகும். ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளும் சேர்ந்து அனுப்பிய குழு இதை நேரில் நின்று எண்ணிச் சரிபார்க்கும். இவற்றோடு உள்ளூர்க் கட்சிகள் தேர்தலில் நிற்க இடமும், இயற்கை வளங்களின் வருவாயில் 70 விழுக்காடு மாகாணத்துக்கே என்ற ஏற்பாடும் சேர்ந்தன. அவரவர் செய்வதை அடுத்தவர் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த அடி என்பதால், ஒருவரையொருவர் நம்ப வேண்டிய சுமை குறைந்தது.

2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்பாட்டில் இந்தப் பிணைப்பு இல்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கண்காணிப்பாளர்கள் மீறல்களைப் பதிவு செய்ய முடிந்தது. தடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. நடுவராக இருந்த நார்வேயே கண்காணிப்புக் குழுவுக்கும் தலைமை தாங்கியதால், மீறலைக் கடுமையாகச் சொன்னால் பேச்சு முறியும், சொல்லாவிட்டால் நடுநிலை போகும் என்ற இக்கட்டு தொடக்கத்திலேயே இருந்தது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தவுடன், ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தனித் தரப்பாகத் தங்களையும் மேசையில் அமர்த்த வேண்டும் என்று முஸ்லிம்கள் கேட்டது நிறைவேறவில்லை. இதற்கும் முன்னால், 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்பாட்டில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியவர்களோ கையெழுத்திட்ட தரப்பாகவே இல்லை. வகுப்பில் இருந்தவர்களில் சிலர் மதுரையைச் சுற்றியுள்ள ஈழத்தமிழர் முகாம்களில் வளர்ந்தவர்கள். அவர்கள் முன்னால் இந்தப் பாடத்தை ஒரு தரப்பின் வழக்குரையாக மாற்றாமல் நடத்தியது பெரிய காரியம். ஆனால் அவ்வளவையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்ததை ஒப்புக்கொள்ள முடியாது. வட அயர்லாந்துக்கு இதைவிடக் கூடுதல் நேரம் தரப்பட்டது. மதுரையில் நடக்கும் வகுப்பில் இந்த விகிதம் பொருந்தவில்லை.

ஆறாம் வாரம் பாவனைப் பேச்சுவார்த்தை. பாக் நீரிணை மீனவர் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, எங்களை ராமேஸ்வரம் விசைப்படகு உரிமையாளர்கள், நாட்டுப்படகு மீனவர்கள், யாழ்ப்பாணம் மற்றும் மன்னார் மீனவர்கள், இரு அரசுகள் என்று பிரித்தார்கள். கச்சத்தீவை இலங்கையின் பக்கம் விட்ட 1974 ஒப்பந்தமும், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதை நிறுத்திய 1976 மார்ச் கடிதப் பரிமாற்றமும் எல்லோர் கையிலும் தரப்பட்டன. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் உறுப்பு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணம் இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்று மட்டுமே சொல்வதை அன்றுதான் பலர் முதன்முறையாக மூலத்தில் வாசித்தார்கள். மேடைகளில் கச்சத்தீவு பேசப்படும் அளவுக்கு அடிமடி இழுவை பேசப்படுவதில்லை. 285 ஏக்கர் தீவு கைக்கு வந்தாலும், கடலடியைச் சுரண்டும் இழுவை வலைக்கு எதிர்க்கரை மீனவர் காட்டும் எதிர்ப்பு அப்படியே இருக்கும்; இலங்கை 2017-இல் அந்த முறையையே சட்டத்தால் தடை செய்துவிட்டது.

பாம்பனைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவரை யாழ்ப்பாணத்து மீனவர் தரப்பில் உட்காரவைத்தது பயிற்றுநரின் சாமர்த்தியம். முதலில் தயங்கியவர், பேசப் பேச வேகம் கொண்டு, "நாங்க முப்பது வருசம் சண்டையில கடலுக்கே போக முடியாம இருந்துட்டு இப்பத்தான் வலை போடுறோம், அதையும் அறுத்துட்டுப் போனா எப்படி?" என்று எதிரில் இருந்தவர்களைக் கேட்டார். விசைப்படகு உரிமையாளராக அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், "தம்பி, படகு மேல வாங்குன கடனை யாரு அடைக்கிறது, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். அதன் பிறகு பேச்சு தீவை விட்டு இறங்கி, இழுவைப் படகுகளைத் திரும்ப வாங்க ஆகும் பணம், ஆழ்கடலுக்கு மாறுவதற்கான பயிற்சி, எத்தனை ஆண்டில் எத்தனை படகு என்ற அட்டவணைக்கு வந்தது. நம் கரையிலேயே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள்கள் நாட்டுப்படகு என்று ஒரு முறைவைப்பு இருப்பதை அந்த மாணவரே நினைவூட்டி, அதைப் போன்ற ஒன்றைக் கடலுக்கு நடுவிலும் பேசலாமா என்று கேட்டார். எங்கள் குழு எழுதிய உடன்பாடு அரைகுறைதான். எனினும் யார் எண்ணுவது, எண்ணியதை யாரிடம் சொல்வது என்பதற்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருந்தோம். ஆச்சே பாடம் உள்ளே இறங்கியிருந்ததற்கு அது சான்று.

ஏழாம் வாரத்துப் பாதுகாப்புப் பாடத்தைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றும் அகப்படவில்லை. வெளியிலிருந்து வந்த பேச்சாளர் ஏவுகணைகளின் படங்களையும் வீச்செல்லைகளையும் திரையில் ஓட்டிக்கொண்டே இருந்தார். 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான உடன்பாட்டின்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. பாதுகாப்பு பற்றிய வகுப்பில் பேச வேண்டிய செய்தி இதுவென்று நான் கருதுகிறேன், ஆனால் அது ஒரு வரியாகக்கூட வரவில்லை. பாடக் குறிப்பிலும் பழைய சரக்கு இருக்கிறது. 1960-இன் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை, 1965, 1971 போர்களையும் தாண்டி இன்றும் இயங்கிவரும் முன்மாதிரி என்று அச்சிட்டிருக்கிறார்கள். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்ததைச் சுட்டிக்காட்டியபோது, அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்றார்கள். முல்லைப் பெரியாற்று நீரைக் குடிக்கும் ஊரில் ஆற்றுநீர் ஒப்பந்தப் பாடத்தை இவ்வளவு அசட்டையாக வைத்திருக்கக் கூடாது. சமாதானப் பேச்சுகளில் பெண்களின் பங்கை வலியுறுத்தும் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2000-ஆம் ஆண்டு 1325-ஆவது தீர்மானத்துக்கும் ஒரே ஒரு வரிதான். வகுப்பில் பாதிப் பேர் பெண்கள்.

கடைசி வாரம் தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். ராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959-இல் நேரு திறந்துவைத்த இடம் அது; காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான், ஐயமில்லை. ஆனால் மதுரைக்காரர்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே போய்வந்த இடத்தை ஒரு வாரத்துப் பாடமாகக் கணக்கில் வைப்பதைவிட, அந்த மாலையைப் பாவனைப் பேச்சுவார்த்தைக்கே கொடுத்திருக்கலாம்.

வழக்கறிஞர்கள், கடலோர மாவட்டங்களில் பணிபுரியும் அலுவலர்கள், குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆகியோர் 3,500 ரூபாய் கொடுத்துச் சேரலாம். மூன்று முதல் ஆறு வரையிலான வாரங்களே அந்தப் பணத்துக்கு ஈடு செய்துவிடும். ராணுவம், ஆயுதம் பற்றி அறிய விரும்புபவர் நூலகத்தில் அமர்வது மேல். அடுத்த அணி சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு தொடங்கும் என்றும், பாக் நீரிணைப் பயிற்சிக்கு இரண்டு சனிக்கிழமைகள் தருவது பற்றி யோசிப்பதாகவும் ஒருங்கிணைப்பாளர் சொன்னார். சேர்வதற்கு முன் அந்த அட்டவணையையும், சிந்து பற்றிய பக்கம் திருத்தப்பட்டுவிட்டதா என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.