மரக்கட்டை ரப்பரா, க்ளியர் ஸ்டாம்பா, அழிரப்பரா? பொங்கல் கார்டுக்கு எது சரி

வருஷா வருஷம் டிசம்பர் கடைசில உக்காந்து 40 பொங்கல் வாழ்த்து அட்டை கையாலயே ஸ்டாம்ப் அடிச்சு செய்வேன், சொந்தக்காரங்களுக்கு, கூட வேலை பாக்குறவங்களுக்கு, பழைய பக்கத்து வீட்டுக்காரங்களுக்குன்னு. கார்டைப் பாக்குறவங்க கேக்குற முதல் கேள்வி "நானும் ஆரம்பிக்கணும், எந்த ஸ்டாம்ப் வாங்குறது?"ங்கறதுதான். ஆன்லைன்ல தேடினா மரக்கட்டைல ஒட்டினது வருது, கண்ணாடி மாதிரி இருக்கிறது வருது, கடைல ஆர்டர் குடுத்து செய்யலாம், நாமளே அழிரப்பர்ல செதுக்கலாம். நாலையும் நான் மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துட்டேன், நாலுமே இப்பவும் வீட்ல இருக்கு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், தமிழ்ல வாழ்த்து போடணும்னா கணக்கே வேற, இங்கிலீஷ் வீடியோல "இதை வாங்குங்க"ன்னு சொல்றது நமக்கு அப்படியே ஒத்து வராது.

முதல்ல மரக்கட்டைல ஒட்டி வர்ற சிவப்பு ரப்பர். சார்லஸ் குட்இயர் 1839ல ரப்பரை கந்தகத்தோட சூடாக்கி கெட்டிப்படுத்துற வழியைக் கண்டுபிடிச்சாரு இல்லையா, இந்த ஸ்டாம்புக்கு அடிப்படையே அதுதான். டிசைனோட அச்சுப் பலகை மேல இன்னும் வேகாத ரப்பர் ஷீட்டை வச்சு சூடான பிரஸ்ல அழுத்தி வேக வைப்பாங்க, ரப்பர் அந்தப் பள்ளத்துக்குள்ள எல்லாம் போய் உருவம் எடுத்துக்கும். அதனால கோடு ரொம்ப நுணுக்கமா வரும், மயில் தோகைல ஒவ்வொரு இழையும் தனியா தெரியும். எந்த இங்க்கையும் தாங்கும், கொஞ்சம் அழுத்தி அடிச்சாலும் கோடு பரவாது, கீழ ஒரு ஃபோம் மெத்தை இருக்கிறதால காகிதம் லேசா மேடு பள்ளமா இருந்தாலும் சமாளிச்சுக்கும். கை நடுங்குற வயசானவங்களுக்கு நான் இதைத்தான் குடுப்பேன், கட்டையைப் பிடிச்சுக்க வசதியா இருக்கு.

குறைன்னு பாத்தா, எங்க விழுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கட்டை மேல படம் அச்சடிச்சிருப்பாங்க, ஆனா கீழ இருக்கிற ரப்பர் அதுக்கு நேரா ஒட்டியிருக்கும்னு நம்பக்கூடாது, நாலு கார்டு கோணலா அடிச்ச பிறகுதான் எனக்கே இது புரிஞ்சது. அப்புறம் இடம். 30 கட்டை சேந்தா ஒரு அலமாரித் தட்டே போயிடும்.

க்ளியர் ஸ்டாம்ப் இதுக்கு நேர் எதிர். அதுல நல்ல வகைன்னா ஃபோட்டோபாலிமர், தேன் மாதிரி இருக்கிற திரவத்து மேல நெகட்டிவ் வழியா யூவி வெளிச்சம் அடிப்பாங்க, வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாயிடும், படாத இடத்தைக் கழுவி விட்டுடுவாங்க. இதை கண்ணாடி மாதிரி இருக்கிற அக்ரிலிக் கட்டைல வெறுமனே வச்சு அழுத்தினாலே ஒட்டிக்கும், அது வழியாவே பாத்துக்கிட்டு கார்டுல எந்த இடத்துல வேணுமோ அங்க மிகச் சரியா வைக்கலாம். ஒரு செட்டுல 20 துண்டு இருந்தாலும் ஒரு நோட்டு அட்டை கனத்துக்கு மேல போகாது. வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமே இல்ல.

ஆனா க்ளியர்னு பேர் போட்டு விக்கிறதெல்லாம் ஃபோட்டோபாலிமர் இல்ல, மலிவுல கிடைக்கிறது நிறைய சிலிகான் மாதிரி வழுவழுன்னு இருக்கும், இங்க்கை வாங்கவே வாங்காது, முத்து முத்தா திரண்டு நிக்கும், அடிச்சா புள்ளி புள்ளியா விழும். நல்ல பாலிமர்கூட புதுசுல இப்படிப் பண்ணும், அப்போ மேல்பக்கத்தை அழிரப்பரால மெல்லத் தேய்ச்சு விட்டா சரியாயிடும். அதுக்கும் சரியாகலன்னா அது பொருளோட குறை, உங்க கையோட குறை இல்ல. இன்னொண்ணு, இது மெத்துனு இருக்கிறதால ரப்பரை அழுத்துற மாதிரி அழுத்தினா கோடு தடிச்சுப் போயிடும், விரல் நுனியால பட்டும் படாம அழுத்தினா போதும். வெயில் படுற ஜன்னல்கிட்ட வச்சா மஞ்சளாயிடும், டை இங்க்ல (சாய இங்க்) கறை ஏறும், ஆனா கறை ஏறினதால அச்சு கெடாது, அதைப் பாத்து பயப்பட வேணாம். ஒட்டுறது குறைஞ்சிட்டா பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு தண்ணில கழுவினா திரும்ப ஒட்டும். ஸ்பிரிட், தின்னர் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க.

ரெண்டுக்கும் நடுவுல, சிவப்பு ரப்பரையே மரக்கட்டை இல்லாம ஒட்டுற ஃபோமோட விக்கிறாங்க, அதையும் அக்ரிலிக் கட்டைலதான் வைக்கணும். இடம் மிச்சம், நுணுக்கமும் உண்டு. ரப்பர் பிடிச்சவங்க இதை வாங்கலாம், அவ்வளவுதான் சொல்ல இருக்கு.

இப்போ தமிழ் விஷயத்துக்கு வரேன். வாங்குற செட்டுல "ஹேப்பி பர்த்டே", "தேங்க் யூ" இருக்கும், "பொங்கல் நல்வாழ்த்துகள்" இருக்காது. எழுத்து எழுத்தா செட் வாங்கிக் கோத்துக்கலாமேன்னு தோணும். இங்கிலீஷ்க்கு 26 துண்டு இருந்தா வேலை முடிஞ்சது. நமக்கு உயிரும் மெய்யும் சேத்தாலே 30, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித் துண்டா வச்சுக்கிட்டாலும் உகர ஊகார வரிசைக்கு 18 மெய்க்கு ரெண்டு ரெண்டா 36 வடிவம் தனியா வேணும், கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. கோத்து அடிக்கிறதுக்குள்ள தை போய் மாசி வந்துடும். அதனால பேரை நான் பேனாவால எழுதிடுவேன், வாழ்த்து வரியை மட்டும் சீல் கடைல செஞ்சு வாங்கிக்குவேன்.

பத்திரப்பதிவு ஆபீஸ், கோர்ட் பக்கமெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் கடை இருக்குமே, அதேதான். நான் முதல் தடவை போனப்போ கடைக்காரர் "என்னம்மா, செல்ஃப் இங்க்கா ஃபிளாஷா?"ன்னு கேட்டாரு, நான் ஃபிளாஷ்னு சொல்லிட்டேன், அது பெரிய தப்பு. ஃபிளாஷ் ஸ்டாம்ப்ல இங்க் உள்ளயே ஊறியிருக்கும், ஒரே கலர்தான், மேல வேற இங்க் வைக்க முடியாது, பவுடர் தூவி சூட்டுல உருக்கி மேடாக்குற எம்பாஸ் வேலையும் ஆகாது. செல்ஃப் இங்க்னா அழுத்தும்போது உள்ள இருக்கிற பேட்ல தானே இங்க் தொட்டுக்கிறது, அதுலயும் அதே கஷ்டம், போதாததுக்கு எங்க விழுதுன்னு பாக்க விடாம சுத்தி இருக்கிற சட்டம் மறைச்சுக்கும். அடுத்த தடவை "அண்ணே, எனக்கு இங்க் எதுவும் வேணாம், சாதா கைப்பிடி ஸ்டாம்ப், பாலிமர்ல போட்டுக் குடுங்க, பிடி இல்லாம ஷீட்டா குடுத்தாலும் சரி"ன்னு கேட்டேன். ஆபீஸ் சீல் தவிர வேற எதுக்குன்னு கொஞ்சம் யோசிச்சாரு, கார்டைக் காட்டினதும் அவரே ஆர்வமாயி எழுத்தை ரெண்டு மூணு அளவுல போட்டுக் காட்டினாரு. சின்ன வரிக்கு 250 ரூபாய் குடுத்தேன், மூணு பொங்கல் ஆச்சு, இன்னும் முதல் நாள் மாதிரியே விழுது.

இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு எழுத்துரு. ண, ழ, ஞ மாதிரி எழுத்துல இருக்கிற சுழி சின்னதா இருந்தா இங்க் போய் அடைச்சுக்கும், "வண்ண"ன்னு அடிச்சா ரெண்டு கறுப்பு உருண்டைதான் தெரியும். என் அனுபவத்துல 14 பாயிண்ட்டுக்குக் கீழ போகவே கூடாது. புள்ளியும் அப்படித்தான், மெலிசான எழுத்துரு எடுத்தா மெய்யெழுத்துப் புள்ளி பாதி கார்டுல விழாது, "வாழ்த்துகள்"ங்கறது "வாழததுகள"ன்னு நிக்கும். Baloo Thambi, Catamaran மாதிரி இலவச எழுத்துருவுல கொஞ்சம் தடிச்சதா பாத்து எடுத்து, நீங்களே பிடிஎஃப் பண்ணிக் கொண்டு போயிடுங்க, கடை கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய எழுத்துருவுல விடாதீங்க. ரெண்டாவது, வாழ்த்துகளா வாழ்த்துக்களாங்கறதை வீட்லயே முடிவு பண்ணிடுங்க, ரப்பர்ல ஏறினா ஏறினதுதான். நான் 'க்' இல்லாமதான் போட்டேன், தமிழ் டீச்சர் ஒருத்தருக்கும் வருஷா வருஷம் கார்டு போகுது.

அழிரப்பர் செதுக்குறதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், எனக்குப் பிடிச்சதே அதுதான். ஜப்பான்ல இதைக் கேஷிகோமு ஹங்கோன்னு தனி கலையாவே செய்றாங்க. பத்து ரூபா வெள்ளை அழிரப்பர், ஒரு கட்டர், முடிஞ்சா அச்சு வேலைக்கு லினோ ஷீட் செதுக்குற வி வடிவ உளி. பட்டர் பேப்பர்ல பென்சில்ல வரைஞ்சு, அதைக் கவுத்து அழிரப்பர் மேல வச்சு ஸ்பூனால தேய்ச்சா படம் கண்ணாடில பாக்குற மாதிரி இடம் வலம் மாறி ஏறிக்கும், அடிக்கும்போது நேரா வந்துடும், அதனால எழுத்தைத் திருப்பி எழுதுற தலைவலியே கிடையாது. செதுக்கும்போது கத்தியை கோட்டுக்கு வெளிப்பக்கமா சரிச்சுப் பிடிக்கணும், மலை மாதிரி அடி அகலமா நிக்கணும், உள்பக்கமா சரிஞ்சு அடியைக் குடைஞ்சிட்டா பத்தாவது அடியில கோடு பிஞ்சு வந்துடும்.

ஒரு முழுக் கரும்பு செதுக்கப் போனீங்கன்னா அழிரப்பர் பத்தாது. ஒரே ஒரு கணு மட்டும் செதுக்குங்க. அதை மேல மேல வரிசையா அடிச்சா எவ்வளவு உயரத்துக்கு வேணுமோ அவ்வளவு கரும்பு, ஒவ்வொரு கணுவும் லேசா விலகி விழறதால நிஜக் கரும்பு மாதிரியே வளைஞ்சு நிக்கும். அதே மாதிரி ஒரு மாவிலை செதுக்கினா தோரணம், ஒரு புள்ளி ஒரு வளைவு செதுக்கினா கோலம். கடைல வாங்குற செட்டுல ஒரு படம் ஒரே அளவுலதான் வரும், இங்க ரெண்டு விரல் அளவு ரப்பர்ல மொத்தக் கார்டும் அடங்கிடுது. இதுக்காகவே நான் பணம் குடுத்து வாங்கின பொங்கப் பானை ஸ்டாம்பை இப்போ தொடறதில்ல.

மயிரிழை மாதிரி கோடெல்லாம் இதுல வராது, அதை எதிர்பாக்காதீங்க. செதுக்கினதை பிளாஸ்டிக் டப்பாவுல நேரா போட்டு வைக்காதீங்க, அழிரப்பர்ல இருக்கிற ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கி ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கும், பழைய ஜாமெட்ரி பாக்ஸ்ல ஸ்கேலும் அழிரப்பரும் ஒட்டிக் கிடக்குமே அதே கதைதான். பேப்பர்ல சுத்தி வைங்க. வீட்ல சின்னப் பசங்க இருந்தா கத்தி வேணாம், வெண்டைக்காயைக் குறுக்கா வெட்டி, துணில வச்சு வழுவழுப்பு போக விட்டு, போஸ்டர் கலர்ல தொட்டு அடிக்கக் குடுங்க, அஞ்சு இதழ் பூ வரும்.

இங்க்கைத் தப்பா எடுத்தா மேல சொன்ன எல்லாமே வீண். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் இங்க், பேட்லயே காயாம இருக்கணும்னு செஞ்சது, அதனால கார்டுலயும் சீக்கிரம் காயாது, ஓரத்துல ஊறிப் பரவும், மேல வாட்டர் கலர் பட்டா ஊதாவா கலங்கி ஓடிடும். கலர் பென்சில் மட்டும்தான் அடிக்கப் போறீங்கன்னா அதுவே போதும், காசை மிச்சம் பண்ணுங்க. டை இங்க் காகிதத்துக்குள்ள இறங்கி சட்டுனு காயும், ஆனா வெயில்ல வெளுக்கும். இதுலயே மெமெண்டோன்னு ஒரு இங்க், ஆல்கஹால் மார்க்கர் போட்டா கலையாது, தண்ணி பட்டா கலையும். வாட்டர் கலர் பண்றவங்க ஆர்கைவல்னு போட்ட பெர்மனண்ட் இங்க் எடுக்கணும், அடிச்சதும் கொஞ்சம் காய விட்டுட்டுத்தான் பிரஷ் வைக்கணும்.

பிக்மெண்ட் இங்க் காகிதத்து மேலயே உக்காரும். கறுப்பு, அரக்கு அட்டைல வெள்ளையோ தங்கமோ பளிச்சுனு தெரியணும்னா இதுதான் வழி. காய நேரமாகும், மழை விட்டும் விடாத டிசம்பர் ஈரக்காத்துல சென்னைல ராத்திரி முழுக்க வச்சும் காலைல கைல ஒட்டியிருக்கு. அதனால ஈரமா இருக்கும்போதே எம்பாசிங் பவுடரைத் தூவித் தட்டிட்டு சூடு காட்டிடுவேன், உருகி மேடா, நகை மாதிரி மினுங்கும். முடி காய வைக்கிற டிரையர் இதுக்கு உதவாது, சூடும் பத்தாது, பவுடரையும் ஊதித் தள்ளிடும், ஹீட் கன்தான் வேணும். அடிக்கிறதுக்கு முன்னாடி அட்டையை முகத்துக்குப் போடுற பவுடர் தொட்ட துணியால லேசா ஒத்தி எடுத்தா, வேண்டாத இடத்துல துகள் ஒட்டாது.

காகிதம் வழவழன்னு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம்ங்கற கணக்கு) வரைக்கும், சென்னை பாரீஸ் கார்னர் பக்கம் ஆண்டர்சன் தெருவுல போனா கட்டுக்கட்டா கிடைக்கும். சொரசொரப்பான வாட்டர் கலர் பேப்பர்ல க்ளியர் ஸ்டாம்ப் பாதிதான் விழும், ரப்பர் கொஞ்சம் தேவலை, அழிரப்பர்ல அடிச்சா அந்த விட்டு விட்டு வர்றதே அழகா இருக்கும்.

அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது: வாழ்த்து வரிக்கு சீல் கடை பாலிமர், படத்துக்கு அழிரப்பர், ஒரு கறுப்பு பெர்மனண்ட் இங்க். பூ, இலைன்னு சின்னச் சின்னதா சேத்து அடுக்கப் பிடிச்சா அடுத்த வருஷம் ஒரு நல்ல ஃபோட்டோபாலிமர் செட். மரக்கட்டை ரப்பர், உக்காந்து மணிக்கணக்கா கலர் அடிக்கிற பொறுமை இருக்கிறவங்களுக்கு, ஒரே ஒரு நல்ல டிசைனா பாத்து.

எவ்வளவு வேணாலும் அடுக்கி ஒட்டுங்க, தபால்ல போகணும்ங்கறதை மட்டும் மறக்காதீங்க. ஏ4 அட்டையை நீளவாக்குல ரெண்டா வெட்டி மடிச்சா 300 ஜிஎஸ்எம்ல ஒரு கார்டு 9 கிராம் சொச்சம், கவரோட 14 கிராம்கிட்ட வரும், சாதா தபாலோட முதல் 20 கிராமுக்குள்ள அடங்கிடும். மேல இன்னொரு அட்டை, ஃபோம் டேப்னு ஏத்தினா தாண்டிடும், போன வருஷம் காரைக்குடி சித்திக்குப் போன கார்டுக்கு அவங்க மீதி தபால் காசு கட்டி வாங்கினாங்க. இந்த வருஷம் சமையல் தராசுல ஒவ்வொண்ணா எடை போட்டு ஜனவரி 8க்குள்ள பெட்டில போட்டுடணும்.