டிராக்டர் பொட்டிக்கு வெள்ளை போர்டா மஞ்ச போர்டா: ஒரு சீசன் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

போன வருஷம் கரும்பு வெட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்ல ஒரு மாசம் இதே பேச்சுதான். டிராக்டரும் டிரெய்லரும் (நம்ம ஊர்ல பொட்டின்னு சொல்றது) விவசாயக் கணக்குல வெள்ளை போர்டுலயே இருக்கட்டும்னு அப்பா, கமர்ஷியலா மாத்தி மஞ்ச போர்டு போட்டுடலாம்னு நான். கடைசில மாத்திட்டோம். எங்க ஊரு கள்ளக்குறிச்சி பக்கம், சொந்தக் கரும்பு நாலு ஏக்கர்தான், ஆனா பொட்டி ரோட்டுல ஓடுறதுல பாதிக்கு மேல மத்தவங்க லோடு, டன்னுக்கு இவ்வளவுன்னு வாடகை பேசி ஆலைக்கு அடிக்கிறது, கரும்பு இல்லாத மாசத்துல சவுக்கு, செங்கல், கொஞ்சம் எரு. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் மஞ்சள் பக்கம் சாயுறதுக்கு இதுதான் காரணம்.

மூணாவதா ஒரு வழியும் நம்ம ஊர்ல இருக்கு, டிராக்டருக்கு மட்டும் நம்பர், பொட்டிக்கு ஒண்ணுமே கிடையாது. பட்டறைல வெல்டிங் வச்சு அடிச்சு வாங்கிட்டு வந்து அப்படியே ஹூக்ல மாட்டி ஓட்டுறது. இதைப் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் வாகனம்ங்கிற வார்த்தைக்குள்ளயே டிரெய்லரும் சேர்ந்துதான் வருது, அதனால பொட்டிக்குன்னு தனி ஆர்.சி. வேணும். இல்லாம ஓட்டினா முதல் தடவை அபராதம் 5,000 ரூபா வரைக்கும். பொட்டி செய்யக் குடுக்கிறதுக்கு முன்னாடியே பட்டறைக்காரர்கிட்ட விற்பனைச் சான்று ஃபார்ம் 21, அப்புறம் ரோட்டுல ஓடத் தகுதியான வண்டின்னு செஞ்சவங்க தர்ற சான்று ஃபார்ம் 22, ரெண்டும் தருவீங்களான்னு கேட்டுடுங்க, அது இல்லாம பின்னாடி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எத்தனை தடவை அலைஞ்சாலும் பதிவு ஆகாது.

இப்ப வெள்ளை போர்டுக்கு வரேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல விவசாய டிராக்டர்னா டிரான்ஸ்போர்ட் வண்டி இல்லன்னு தெளிவா போட்டிருக்கு. விவசாய டிரெய்லர்னா டிராக்டர்ல கோத்து பெரும்பாலும் விவசாயப் பொருள் கொண்டு போற வண்டி. சிட்டா அடங்கல் காட்டி பதிவு பண்ணினா ஆர்.சி. 15 வருஷம் ஓடும், எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) தலைவலி இல்ல, பெர்மிட் இல்ல, செலவும் கம்மி. சொந்த நிலத்து வெள்ளாமைய மட்டும் ஏத்துறவங்களுக்கு இதுதான் சரி, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. என் மச்சானுக்கு மூணு ஏக்கர் நெல்லு, வெளி லோடே எடுக்கிறதில்ல, அவர் கேட்டப்ப வெள்ளையிலயே இருங்க மாமான்னுதான் சொன்னேன்.

மஞ்சள்ல செலவு இருக்கு, மறைக்கல. புது வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதுக்கப்புறம் வருஷா வருஷம். பெர்மிட் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. வரி, பிரீமியம் ரெண்டும் கூட. எஃப்.சி.க்குப் போறதுக்கு முன்னாடி பெயிண்ட், பின் லைட், வயரிங், சிவப்பு ரிஃப்ளெக்டர், டயருன்னு எல்லாத்தையும் சரி பண்ணிட்டு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்தணும், எங்களுக்கு ரெண்டு நாள் வேலை கெட்டுச்சு, ரெண்டாவது நாள் அப்பா என்கூட பேசவே இல்ல.

அப்படி இருந்தும் ஏன் மாத்தினோம்னா ஒரே காரணம், இன்சூரன்ஸ். இதை மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க.

பக்கத்து ஊர்ல எங்க சொந்தக்காரர் ஒருத்தரோட பொட்டி, ராத்திரி லோடோட ரோட்டோரம் பஞ்சர்னு நின்னிருக்கு, பின் லைட் இல்ல, பைக்ல வந்த பையன் நேரா வந்து பின்னாடி மோதிட்டான். உயிர் பொழைச்சுக்கிட்டான், கால் போச்சு. டிராக்டருக்கு பாலிசி இருந்துச்சு, விவசாய உபயோகத்துக்குன்னு எழுதின பாலிசி. பொட்டிக்கு பாலிசி இல்ல. அன்னைக்கு ஏத்தி இருந்தது அடுத்தவங்க கரும்பு, வாடகை லோடு. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இந்த மூணையும்தான் கோர்ட்ல எடுத்து வச்சார், வேற எதுவும் பேசல.

இந்த மாதிரி நேரத்துல என்ன நடக்கும்ங்கிறதுக்கு 2007ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு கேஸ் இருக்கு. செங்கல் சூளைக்கு மண்ணு ஏத்திட்டுப் போன டிராக்டர் டிராலில இருந்து ஒரு கூலித் தொழிலாளி விழுந்து அடிபட்டுட்டார். பாலிசி விவசாய வேலைக்கு மட்டும்தான், சூளைக்கு மண் அடிக்கிறது விவசாயம் இல்ல, அதனால கம்பெனிக்குப் பொறுப்பு இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அடிபட்டவர் ஏழை, அவரை வெறுங்கையோட அனுப்ப முடியாதுன்னு, கம்பெனி முதல்ல பணத்தைக் குடுத்துட்டு வண்டிக்காரர்கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கட்டும்னு உத்தரவு போட்டாங்க. பெர்மிட் இல்லாத லாரி சம்பந்தமான 2018 தீர்ப்புலயும் இதே வழிதான்.

முதல்ல குடு, பின்னாடி வசூல் பண்ணு. கேக்க நல்லாத்தான் இருக்கு, அடிபட்ட குடும்பத்துக்கு அது நியாயமும்கூட. ஆனா யார்கிட்ட இருந்து வசூல்னு யோசிச்சுப் பாருங்க. நம்மகிட்ட என்ன இருக்கு? டிராக்டர் பாதி லோன்ல, மீதி இருக்கிறது நிலம். சின்ன வயசுப் பையன் சம்பாதிக்கிற காலத்தையெல்லாம் கணக்குப் போட்டு வர்ற நஷ்ட ஈடு லட்சக்கணக்குல இருக்கும், அது நேரா அந்த நாலு ஏக்கர் மேலதான் வந்து உக்காரும். எஃப்.சி., பெர்மிட், கூடுதல் பிரீமியம்னு பத்து வருஷத்துக்கு நான் கட்டப்போறதையெல்லாம் கூட்டினாலும் ஒரு ஏக்கர் விலைக்குப் பக்கத்துல கூட வராது. அப்பாகிட்ட இதை ஒரு பேப்பர்ல எழுதித்தான் காட்டினேன். அன்னைக்குத்தான் சரின்னார்.

இதுல இன்னொரு விஷயம், 2005ல ஒரு கர்நாடகா கேஸ்ல டிராக்டர் தனியா சரக்கு வண்டி இல்லன்னாலும் டிரெய்லரோட சேர்ந்து சரக்கு இழுக்கும்போது அது சரக்கு வண்டிதான், பெர்மிட் வேணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அது விவசாயி கேஸ் இல்ல, கனரக சாமான் இழுக்கிற கம்பெனியோடது, அதனால சொந்த நெல்லை வீட்டுக்கு ஏத்திட்டு வர்றவங்க பயப்படணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாடகைக்கு ஓட்டுறவங்க, வெள்ளை போர்டு இருக்கே யார் கேக்கப் போறாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கிறதுக்கு இது ஒத்து வராது. பெர்மிட் இல்லாம ஓட்டினா இப்ப அபராதமே 10,000 ரூபா, ஜெயிலும் சட்டத்துல இருக்கு.

மஞ்சள்ல இன்னொரு நிம்மதி, ஏத்தி இறக்குற ஆளுங்களுக்கு தனியா பிரீமியம் கட்டி பாலிசில சேர்த்துக்கலாம். சேர்த்துட்டோம். அதுக்காக மட்கார்டு மேல உக்கார வச்சு கூட்டிட்டுப் போகலாம்னு அர்த்தம் இல்லீங்க, டிராக்டர்ல சீட்டு ஒண்ணுதான், அது டிரைவருக்கு. லோடு மேல ஏறி உக்காந்துட்டு வர்றதும் அப்படித்தான், எவ்வளவு தெரிஞ்ச ஆளா இருந்தாலும் இறக்கி விட்டுடுங்க.

எங்களுக்கு இதுவரைக்கும் க்ளெய்ம் எதுவும் வரல, வரவும் வேணாம், அதனால மஞ்ச போர்டு பாலிசில பணம் எவ்வளவு சீக்கிரம் வரும்னு அனுபவத்துல சொல்ல வழியில்ல. விக்கிறப்ப விவசாயி வாங்க வந்தா மஞ்சளைப் பாத்து யோசிப்பார்னு புரோக்கர் ஒருத்தர் சொன்னார், அவர் சொன்னதை அப்படியே சொல்றேன், நாங்க இன்னும் எதையும் விக்கல.

லைசன்ஸ் விஷயத்துல நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. டிராக்டர் ஓட்டத் தெரிஞ்சு லைசன்ஸ் வச்சிருக்கிறவர், பின்னாடி டிரெய்லர் மாட்டிட்டாரேங்கிறதுக்காக மட்டும் அந்த லைசன்ஸ் செல்லாம போயிடாதுன்னு 2001லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சு, சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வண்டி) லைசன்ஸ் இருந்தா மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்போர்ட் வண்டிய தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம்னு சொல்லுச்சு. ஆனா கரும்பு லோடு ஏத்தின பொட்டியோட எடை அந்த கணக்கைத் தாண்டிடும், அதை மறந்துடாதீங்க. எங்க டிரைவர் முன்னாடி லாரி ஓட்டினவர், டிரான்ஸ்போர்ட் லைசன்ஸ் கையில இருந்துச்சு, அதனால எங்களுக்குப் பிரச்சனை இல்ல.

ஓவர்லோடுக்கு போர்டு கலர் எல்லாம் உதவாது. ஆர்.சி.ல போட்டிருக்கிற எடைக்கு மேல ஏத்தினா 20,000 ரூபா, அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, கூடுதல் லோடை அங்கேயே இறக்குற செலவும் நம்மளோடது. சவுக்கு ஏத்துறவங்க இன்னும் கவனமா இருங்க, கட்டை அனுமதிச்ச அளவுக்கு மேல பின்னாடியோ பக்கத்துலயோ நீட்டிக்கிட்டு இருந்தா அதுக்கும் தனியா 20,000. கரும்புலயும் பக்கவாட்டுல தோகை பிதுங்கிக்கிட்டு பின் லைட்டையே மூடிடும், கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் பின்னாடி நின்னு லைட் தெரியுதான்னு பாத்துட்டு சொல்லணும், எங்க வீட்ல இப்ப அது அப்பாவோட வேலை.

நம்பர் எழுதுறதுலயும் பாதிப் பேர் தப்பு பண்றாங்க. பொட்டியோட சொந்த நம்பர் பொட்டி பக்கவாட்டுல இருக்கணும், பின் கதவுல இழுத்துட்டுப் போற டிராக்டரோட நம்பர் இருக்கணும். ஒரே பொட்டிய ரெண்டு டிராக்டர்ல மாத்தி மாத்தி மாட்டுறவங்க பின் நம்பரை மாத்தாமலே விட்டுடுறாங்க. நாங்க ரெண்டு தகடு செஞ்சு போல்ட் போட்டு வச்சிருக்கோம், டிராக்டர் மாறினா தகடும் மாறும்.

மச்சான் வெள்ளையிலயே இருந்தாலும் பொட்டிக்குத் தனியா ஆர்.சி., தனியா பாலிசி எடுக்கச் சொல்லியிருக்கேன். நேத்துதான் பட்டறைக்குப் போய் ஃபார்ம் 22 கேட்டுட்டு வந்தார், அடுத்த வாரம் தரேன்னு சொல்லியிருக்காங்களாம்.