பெட்டிக்குள் அடைத்த காமிக்ஸா, கையில் புரட்டிப் பார்த்த காமிக்ஸா?

பழைய காமிக்ஸ் சேர்க்க ஆசைப்படும் ஒருவருக்கு, அவர் நாகர்கோவிலில் இருந்தாலும் மார்த்தாண்டத்தில் இருந்தாலும், இன்றைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ஈபே போன்ற அமெரிக்க ஏலத் தளங்களில், கிரேடு, அதாவது தர எண், போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த இதழை எடுக்கலாம். அதே தளங்களில் பெட்டி இல்லாத, சேகரிப்பாளர்கள் 'ரா' என்று சொல்லும் இதழை எடுக்கலாம். தமிழ் காமிக்ஸ் வாசகர்களின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் வாங்கலாம். இல்லையென்றால் பழைய புத்தகக் கடை, எடைக்கு வாங்கும் ஆக்கர் கடை என்று ஏறி இறங்கலாம். சிவகாசியிலிருந்து வரும் தமிழ் காமிக்ஸ் மறுபதிப்பை ஐந்தாவது வழியாகச் சொல்லலாம். தீவிர சேகரிப்பாளர்கள் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். நான் சேர்ப்பேன்.

இவற்றில் அதிகம் பணம் தின்பதும் அதிகம் வயிற்றெரிச்சல் தருவதும் முதல் வழிதான் என்பது என் கட்சி. அதற்கான காரணம் அந்தப் பெட்டியில் மட்டும் இல்லை, நாம் இருக்கும் ஊரிலும் இருக்கிறது.

எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாது

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. அமெரிக்காவில் 2000-ல் சிஜிசி என்ற நிறுவனம் காமிக்ஸுக்குத் தரம் போடும் தொழிலைத் தொடங்கியது. அதற்கு முன்பு விற்பவர் என்ன சொன்னாரோ அதுதான் தரம். சிஜிசி இதழை வாங்கிப் பார்த்து 0.5 முதல் 10 வரை ஓர் எண் கொடுக்கிறது, கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடுகிறது, மேலே லேபிள் ஒட்டுகிறது. நீல லேபிள் என்றால் சாதாரணம். மஞ்சள் என்றால் அவர்கள் ஆள் பார்த்திருக்க, படைப்பாளி போன்றவர்கள் போட்ட கையெழுத்து உள்ள இதழ். ஊதா என்றால் ஒட்டியோ வண்ணம் தீட்டியோ சரிசெய்யப்பட்ட இதழ். பச்சை என்றால் ஏதோ ஒரு குறை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு எண் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தப் பெட்டியைத்தான் 'ஸ்லாப்' என்கிறார்கள். 2014 முதல் சிபிசிஎஸ் என்று ஒரு போட்டி நிறுவனமும் இருக்கிறது. ஆனாலும் ஏலத்தில் சிஜிசி பெட்டிக்குத்தான் மவுசு.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததில்லை. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938-ம் ஆண்டு ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 9.0 கிரேடில், 2014-ல் ஈபேயில் 32 லட்சம் டாலருக்குப் போனது. அதே இதழின் 8.5 கிரேடு பிரதி ஒன்று 2024-ல் ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில் 60 லட்சம் டாலர். புத்தகத்தைத் தொட்டே பார்க்காமல் ஒருவர் இவ்வளவு பணம் வைக்க வேண்டுமென்றால் நடுவில் மூன்றாம் ஆள் ஒருவரின் சாட்சி வேண்டும். அந்த உயரத்தில் கிரேடிங் தேவைதான், அதில் எனக்குச் சண்டையில்லை.

நம் ஊரிலிருந்து ஏலம் கேட்பவர்கள் அந்த உயரத்தில் இல்லை. நூறு, இருநூறு டாலர் என்ற அளவில்தான் நிற்கிறோம். அங்கே கிடைப்பது எண்பதுகளுக்குப் பிறகு வந்த, 9.6, 9.8 என்று எண் போட்ட இதழ்கள். இந்தக் காலத்து இதழ்களை வாங்கிய அன்றே உறையில் போட்டு வைத்தவர்கள் ஏராளம். ஸ்பைடர்மேன் வரிசையில் வெனம் வரும் 300-வது இதழ் போன்றவை பெட்டியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனாலும் 9.6-க்கும் 9.8-க்கும் விலையில் பெரிய பள்ளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லேபிளை மறைத்துவிட்டு, எது எது என்று கேட்டால் வாங்கியவரே தடுமாறுவார். முதுகில் ஸ்டேப்பிளுக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, மூலையில் ஊசி முனை அளவு மழுங்கல், வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த வித்தியாசமும் நிலையானதில்லை. கிரேடு போடுவது மனிதர்கள். பெட்டியை உடைத்து அதே இதழை மறுபடி அனுப்பினால் வேறு எண் வருவதும் உண்டு. அனுப்புவதற்கு முன் சூடும் ஈரமும் காட்டி அழுத்தி, சுருக்கத்தை எடுத்துவிடுவார்கள். இதற்கு 'பிரெஸ்ஸிங்' என்று பெயர். இதை சிஜிசி பழுதுபார்த்தலாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே நீல லேபிள் என்றால் யாரும் கை வைக்காத இதழ் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதெல்லாம் சரி, பெட்டிக்குள் இருப்பதாவது லேபிளில் இருப்பதுதானா என்றால், 2023 கடைசியில் அதிலும் மண் விழுந்தது. பழைய பெட்டி கீறியிருந்தால் புதுப் பெட்டி மாற்றித் தரும் வசதி சிஜிசியில் உண்டு. அதைப் பயன்படுத்தி, உள்ளே இருந்த நல்ல இதழை எடுத்துவிட்டு மட்டமான பிரதியை வைத்து, பழைய எண்ணோடு புதுப் பெட்டி வாங்கிய மோசடி வெளியே வந்தது. சந்தேகத்துக்குரிய பெட்டி எண்களின் பட்டியலை சிஜிசியே வெளியிட வேண்டியதாயிற்று. வுல்வரின் முழுதாக அறிமுகமாகும் 1974-ம் ஆண்டு ஹல்க் வரிசையின் 181-வது இதழில் இந்த ஆபத்து இன்னும் மோசம். அந்த இதழின் உள்பக்கத்தில் ஒரு ஸ்டாம்ப் அச்சாகியிருக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஸ்டாம்ப் இல்லாத பிரதிக்கு விலை பாதிகூடத் தேறாது. மூடிய பெட்டிக்குள் ஸ்டாம்ப் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? உடைத்துத்தான் பார்க்க வேண்டும். உடைத்தால் எண் போச்சு.

திங்கட்கிழமை காலை ஏலம்

ஈபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது அமெரிக்கத் தளம்தான் கதி. அங்கே ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, கலிஃபோர்னியா நேரப்படி, முடியும் ஏலம் நமக்குத் திங்கள் காலை ஆறரைக்கு அல்லது ஏழரைக்கு முடியும். வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் நேரம். பெரும்பாலான ஏலங்களின் விலை கடைசி பத்து விநாடியில்தான் ஏறும். உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைத்தால் தளமே உங்களுக்காகப் படிப்படியாக ஏற்றும். ஆனால் யாராவது ஒருவர் உங்களைத் தாண்டியதும், 'இன்னும் அஞ்சு டாலர்தானே' என்று கை தானாகப் போகும். ஜெயித்தவர் என்பவர், உலகத்திலேயே அந்த இதழுக்கு அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தவர். இதை யோசித்தால் ஜெயித்த சந்தோஷம் பாதி இறங்கிவிடும்.

விலை அதோடு நிற்காது. அனுப்பும் செலவு, கார்டில் டாலர் மாற்றக் கட்டணம், சுங்க வரி, கொரியர்காரரின் கையாளும் கட்டணம். பெட்டியோடு வருவதால் எடையும் அளவும் கூடுதல். பெரிய ஏல நிறுவனங்களில் என்றால் ஜெயித்த விலைக்கு மேல் வாங்குபவர் பிரீமியம் என்று தனியாக ஒரு சதவீதமும் உண்டு.

தக்கலையில் ஒரு நண்பருக்கு இப்படி வந்த ஒரு பெட்டியைப் பிரிக்கும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். குமிழ் உறை நன்றாகத்தான் சுற்றியிருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததும் அட்டையின் மேல் எண்ணெய் சிந்தியது மாதிரி வானவில் வளையங்கள். இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் ஒன்றோடொன்று அழுந்துவதால் வருவது அது, புத்தகத்துக்குச் சேதமில்லை, ஆனால் அட்டைப் படத்தை ஒழுங்காகப் பார்க்க விடாது. கீழ் மூலையில் பெட்டி கீறல் விட்டிருந்தது. அதைவிட மோசம், இதழ் உள்ளே சற்றுச் சரிந்து, கீழ் ஸ்டேப்பிள் பக்கத்தில் அட்டை பிய்ந்து நின்றது. வழியில் குலுங்கியதில் இப்படி ஆவதற்கு சேகரிப்பாளர்கள் மத்தியில் தனிப் பெயரே உண்டு. லேபிளில் மட்டும் அதே 9.4. விற்றவரைக் கேட்டால், கிரேடு போட்ட பொருளுக்குத் திரும்பப் பெறுதல் இல்லை என்றார். நண்பர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "படிச்சாவது பாக்கலாம்னா அதுவும் முடியாதே" என்றார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம். எண்ணுக்கு மதிப்பு, அந்த எண்ணை நம்பி வாங்க அடுத்த ஆள் இருக்கும் இடத்தில்தான். அந்த ஆட்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். வடசேரியிலோ குளச்சலிலோ 9.8 என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? விற்க வேண்டுமென்றால் மறுபடி கடல் தாண்டி அனுப்ப வேண்டும், மறுபடி செலவு, மறுபடி குலுக்கல். அங்கே வாங்கி அங்கேயே விற்பவருக்கு ஸ்லாப் ஒரு சரக்கு. இங்கே வந்து சேர்ந்துவிட்டால் அது ஒருவழிப் பயணம். 2021-ல் ஏறிய விலைகள் அடுத்த ஆண்டே இறங்கியபோது அமெரிக்காவில் இருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டாவது வெளியே வந்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வழியும் சுலபமாக இல்லை.

'ரா' இதழைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலை குறைவு, எடை குறைவு, வந்ததும் புரட்டிப் படிக்கலாம். விற்பவர் சொல்லும் தரத்தில் ஒரு படி கழித்துக்கொள்ளுங்கள். பின்னட்டை, நடுப்பக்கம், ஸ்டேப்பிள் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். படம் தர மறுப்பவரை விட்டுவிடுங்கள். அமெரிக்க காமிக்ஸ்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

நம்ம பக்கத்துச் சரக்கு

தமிழ் காமிக்ஸுக்கு வந்தால் கிரேடும் இல்லை, பெட்டியும் இல்லை. முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி 2005-ல் நின்றுபோனது. மலிவுத் தாளில், படித்துவிட்டுக் கை மாற்றுவதற்காக அச்சடித்தவை. 'மின்ட்' கண்டிஷன், அதாவது அச்சான அன்று இருந்த மாதிரியே, என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பழைய முத்து இதழைத் திறந்தால் ஸ்டேப்பிள் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் காப்பி நிறத்தில் இரண்டு வட்டம். முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் நீல மையில் ஒரு பெயர், கீழே 'ஆறாம் வகுப்பு ஆ பிரிவு'. சிஜிசிக்காரர் பார்த்தால் இரண்டுக்கும் எண்ணைக் குறைப்பார். இங்கே அந்தப் பெயருக்காகவே கூடுதலாகக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும்.

குழுக்களில் நடக்கும் விற்பனையில் பெரிய பலம், ஆளுக்கு ஆள் தெரியும் என்பது. ஏமாற்றினால் அடுத்த நாளே ஊரெல்லாம் தெரிந்துவிடும். பலவீனம் விலை. எந்த அளவுகோலும் இல்லாததால், அபூர்வம் என்று ஒருவர் சொன்னால் அதுதான் விலை. 'நல்ல கண்டிஷன்' என்பதற்கு அர்த்தம் ஒவ்வொருவருக்கும் வேறு. முக்கியமாகக் கேட்க வேண்டியது, இதழ் முன்பு பைண்டு செய்யப்பட்டதா என்று. பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தைச் சமமாக வெட்டிவிடுவது அந்தக் காலத்து வழக்கம். பிரித்துத் தனித்தனியாக விற்கும்போது முதுகில் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும், ஓரத்தில் வசனப் பலூன் வெட்டுப்பட்டிருக்கும். முன்பக்கப் படத்தில் இது தெரியாது. அட்டை அசலா, கலர் ஜெராக்ஸா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைக்குப் போய் எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத ஊரில், புத்தகத்தை மட்டும் ஏன் படத்தைப் பார்த்து வாங்க வேண்டும்? "அண்ணாச்சி, இதுல நடுப்பக்கம் இருக்கா?" என்று கேட்டால், "நீயே பாத்து எடுத்துக்கோ, எனக்கு எங்க நேரம்" என்பார். அந்தப் பதிலே போதும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது கடைகளில் காமிக்ஸ் கிடைப்பது அபூர்வம். பாட நூலும் நோட்ஸும்தான் குவிந்திருக்கின்றன. வீடு காலி செய்கிறவர்கள் எடைக்குப் போடும்போது யாராவது கண்ணில் பட்டுத் தப்பினால் உண்டு. தேடி வைத்த ஒரு குறிப்பிட்ட எண் இதழ் இப்படிக் கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தால் ஆயுசு போதாது.

வாங்குவதற்குச் சமமாகக் கவலைப்பட வேண்டியது காற்று. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. கடலோரமாக இருந்தால் உப்புக் காற்று வேறு. ஸ்டேப்பிள் துரு, பூஞ்சை, ராமபாணப் பூச்சி மூன்றும் இங்கே சீக்கிரம் வரும். ஸ்லாப் இதிலிருந்து காப்பாற்றும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அது காற்றுப் புகாத பெட்டி இல்லை. ஈரம் மெதுவாக உள்ளே போகும். போனால் திறந்து உலர்த்தவும் வழியில்லை. சாதாரண உறையில் வைத்த இதழை வெயில் படாமல் எடுத்துப் புரட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றி வைத்துவிடலாம்.

கடைசியாக மறுபதிப்பு. 2012-ல் லயன் - முத்து புதுத் தெம்போடு திரும்பி வந்த பிறகு, பழைய கதைகள் நல்ல தாளில், சுத்தமான அச்சில் கிடைக்கின்றன. கதைதான் வேண்டும் என்றால் இதைவிட மலிவான, தலைவலி இல்லாத வழி கிடையாது. கப்பலேறி வந்த பெட்டி ஒன்றின் செலவில் ஒரு தட்டே நிரம்பிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்லாப்தான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் நான் யார். ஏலத்தில் கை வைக்கும் முன் லேபிளில் உள்ள பெட்டி எண்ணை (கிரேடு எண் இல்லை) சிஜிசி தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் விற்பவரின் படத்தோடு மூலைக்கு மூலை ஒப்பிடுங்கள். புதிதாகப் பெட்டி மாற்றியதா என்று எழுத்தில் கேளுங்கள். லேபிள் நிறத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், பச்சையை நீலம் என்று நினைத்து எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வரியும் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ரூபாயில் ஒரு தாளில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு உச்ச விலையை ஞாயிறு இரவே பதிந்துவிட்டுத் தூங்கப் போங்கள். திங்கள் காலை போனைத் தொட வேண்டாம்.