கள்ளத்தின் வேர் தேடுவோருக்கு: சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிகள்

ஒரு சொல்லுக்குப் பொருள் காணக் கைபேசிச் செயலிகள் பல வந்துவிட்டாலும், அச்சொல்லின் வேரையும் உறவுமொழிகளில் அதற்குள்ள வடிவங்களையும் அறிய விரும்புவோருக்கு, சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் தெற்காசிய அகராதித் தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும், பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1984இல் இரண்டாம் பதிப்புக் கண்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன.

‘கள்ளம்’ என்று தேடினால், லெக்சிகன் திருட்டு, வஞ்சனை ஆகிய பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. வேர்ச்சொல் அகராதியோ, திருடுதலைக் குறிக்கும் ‘கள்’ என்னும் வினையடியின்கீழ் களவு, கள்ளன், கள்வன் ஆகியவற்றை ஒரே குடும்பமாக வைத்து, அவற்றுக்கு இனமான பிறமொழிச் சொற்களையும் அடுக்குகிறது. கன்னடத்தில் ‘கள்ள’ என்றால் திருடன். மலையாளத்தில் ‘கள்ளம்’ என்றால் பொய். தெலுங்கின் ‘கல்ல’வும் பொய்தான். பிறர் பொருளை மறைவாகக் கவர்வதைச் சொன்ன அடியே உண்மையை மறைப்பதற்கும் பெயராகிவிட்டதை இந்த ஒரு பதிவிலேயே கண்டுகொள்ளலாம். குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி “யாரும் இல்லைத் தானே கள்வன்” என்று தலைவனைச் சொல்லி, அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்று கலங்கும்போது, இரு பொருளும் ஒரே சொல்லில் கலந்து நிற்கின்றன. இன்றைய வழக்கிலும் கள்ளச் சாவி திருடுவதற்கு, கள்ளக் கையெழுத்து ஏமாற்றுவதற்கு. குடிக்கும் கள்ளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நினைப்பவர்கள், அது தனிப் பதிவாக, களிப்போடு சேர்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. வேர்ச்சொல் அகராதியில் தமிழ் எழுத்தே கிடையாது; எல்லாம் குறியிட்ட ரோமன் எழுத்திலும் ஆங்கில விளக்கத்திலும் இருப்பதால், பழகாத வாசகர் தொடக்கத்தில் திணறுவார். இனச்சொற்களை வரிசைப்படுத்துவதோடு அது நின்றுவிடுகிறது. பொருள் எப்படி நகர்ந்தது என்பதை நாமே இலக்கியச் சான்றுகளைக் கொண்டு ஆராய வேண்டும். லெக்சிகனின் மேற்கோள்களும் நூற்பெயர்ச் சுருக்கங்களோடு வருவதால், சுருக்க விளக்கப் பட்டியல் ஒன்று அருகில் இருப்பது நல்லது.

முதலில் லெக்சிகனில் சொல்லைத் தேடி, அங்கே தமிழ் வடிவத்தை அடுத்துத் தரப்பட்டிருக்கும் ரோமன் வடிவத்தை எடுத்துக்கொண்டு வேர்ச்சொல் அகராதிக்குச் சென்றால், பாதித் தொல்லை குறைந்துவிடும்.