"ஹோம் பிராஞ்சுக்குப் போங்க": மன்னார்குடியில் ஒரு தூங்கிய கணக்கு

"உங்க ஹோம் பிராஞ்ச் திருச்சிங்க. அங்கதான் போகணும்."

இந்த முறை ஊர்ப் பயணத்தில் பல் வைத்தியம், பத்திர நகல், ரயில் டிக்கெட் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மன்னார்குடியில் ஒரு வங்கிக் கிளையில் டோக்கனோடு ஒன்றரை மணி நேரம் நின்றபின் கிடைத்த அந்த ஒரு பதில்தான் விஷயம்.

கல்லூரிக் காலத்தில் திருச்சியில் திறந்த சேமிப்புக் கணக்கு. சிங்கப்பூர் போனபின் யாரும் தொடவில்லை, இப்போது முடங்கிக் கிடக்கிறது. அதை எழுப்ப வேண்டும். அதற்கு ஒரு பகலை பஸ்ஸில் கழித்துத் திருச்சி போய்வர வேண்டுமா? வேண்டியதில்லை. 2024 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அதன் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. முடங்கிய கணக்கை எழுப்புவதற்கான கே.ஒய்.சி. புதுப்பிப்பை, அதாவது அடையாள, முகவரிச் சரிபார்ப்பை, கணக்கு திறந்த கிளையில் மட்டுமல்லாமல் மற்ற எல்லாக் கிளைகளிலும் செய்துதர வேண்டும் என்று அது சொல்கிறது. ஆவணங்கள் முழுமையாக இருந்தால் மூன்று வேலை நாளுக்குள் கணக்கு உயிர்பெற வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. முடங்கிய காலத்துக்கு மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கக்கூடாது, சேமிப்பு வட்டியையும் நிறுத்தக்கூடாது.

கவுன்ட்டரில் இருந்தவர் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். மாதிரிக் கையெழுத்து அட்டை திருச்சிக் கிளையின் இரும்பு பீரோவில் பூட்டிக் கிடந்த காலத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு அந்தக் கையெழுத்து ஸ்கேன் ஆகி எந்தக் கிளையின் திரையிலும் வருகிறது. அட்டை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. சிங்கப்பூரில் இருபது வயதுப் பிள்ளையிடம் "ஹோம் பிராஞ்ச்" என்று சொன்னால் அது ஏதோ மரக்கிளை என்று நினைப்பான்.

வாக்குவாதத்தால் பயனில்லை. பலன் தந்தது ஒரே ஒரு வாக்கியம்: "மேடம், மனுவை வாங்கிக்கிட்டு, இந்தக் கிளையில முடியாதுன்னு எழுதி சீல் வச்சுக் குடுங்க." எழுத்தில் மறுப்பதற்கு யாரும் தயாராக இல்லை. மேனேஜர் அறைக் கதவு திறந்தது, நாற்காலி கிடைத்தது, படிவமும் வந்தது. மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்தச் சீல் போட்ட தாளைத்தான்.

கணக்கு எழுந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் உள்ளூர்வாசிக் கணக்கை அப்படியே வைத்திருக்கக்கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்றச் சொல்கிறது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், நாம் ஃபெமா என்று சொல்வது. அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் அபராதம் உண்டு: தொகை கணக்கிட முடிந்தால் அதன் மூன்று மடங்கு வரை. ஆனால் அதை விதிக்கும் அதிகாரம் வங்கிக் கிளைக்கு இல்லை. "இத்தனை வருஷம் மாத்தல, ஃபைன் கட்டணும்" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால் கட்டாதீர்கள். எழுப்பும் மனுவையும் மாற்றும் மனுவையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கே.ஒய்.சி.யை இரண்டு தடவை கேட்பார்கள்.

அடுத்த முட்டுக்கட்டை ஆதார். பாஸ்போர்ட்டே செல்லுபடியாகும் அடையாள ஆவணம், அதோடு பான் அட்டை. ஆதார் இல்லாத என்.ஆர்.ஐ.யைத் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை. கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா அல்லது வேலை அனுமதி, பான், இரண்டு போட்டோ, வெளிநாட்டு முகவரிக்கு ஒன்றுக்கு இரண்டாகச் சான்று, வெளிநாட்டு வரி எண் கேட்கும் உறுதிமொழிப் படிவம். சிங்கப்பூரில் இருப்பவருக்கு வரி எண் என்பது அவருடைய அடையாள அட்டையின் ஐ.சி. எண் அல்லது வெளிநாட்டவருக்குத் தரும் ஃபின் எண்தான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும்.

நம் ஆட்கள் உண்மையில் மாட்டுவது இனிஷியலில். பாஸ்புக்கில் ஓரெழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பானில் இனிஷியல் விரிந்து முன்னால். கணினிக்கு இது மூன்று ஆள். மூன்றும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் நோட்டரி உறுதிமொழி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். சிங்கப்பூர் அரசின் மின்-அடையாளமான சிங்பாஸில் ஒரு தட்டுத் தட்டினால் பெயர், முகவரி எல்லாம் தானே நிரம்பும் ஊரிலிருந்து வருகிறவருக்கு இது கொடுமையாகத்தான் தெரியும். ஆனால் சிங்பாஸுக்கு இனிஷியல் தெரியாது என்பதும் உண்மை.

இதையெல்லாம் அங்கிருந்தே தபாலில் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம்; இந்தியத் தூதரகமோ வெளிநாட்டு நோட்டரியோ நகல்களுக்குச் சான்று தர வேண்டும், அந்தச் செலவும் அலைச்சலும் சின்னதில்லை. வீடியோ கே.ஒய்.சி.யோ இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் விதத்தில் அமைக்கப்பட்டது. ஊரில் நேரில் போனால், அசலைப் பார்த்து "அசலுடன் சரிபார்க்கப்பட்டது" என்று மேடம் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குக் காசே இல்லை. பக்கத்தில் நூல் கட்டிய பேனாவும் காய்ந்துபோன கோந்து பாட்டிலும் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

என்.ஆர்.ஓ. ஆனதும் வட்டியில் 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள். சிங்கப்பூர் வரித்துறையிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் இரட்டை வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம். பானில் இன்னும் "உள்ளூர்வாசி" என்றே இருந்து, ஆதாரோடு இணைக்காமலும் விட்டிருந்தால் பான் செயலிழந்திருக்கும். வங்கிக்குப் போகும் முன் வருமானவரித் தளத்தில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இத்தனை பாட்டையும் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு நடவடிக்கையும் இல்லாவிட்டால்தான் கணக்கு முடங்கும். நெட் பேங்கிங்கில் உள்ளே நுழைந்து பார்ப்பதே ஒரு நடவடிக்கை, ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வங்கி தானாகப் போடும் வட்டியை நடவடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நுழைய ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி.க்கு ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன ஊர் சிம் வேண்டும். அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். பத்து ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது. கேட்பாரற்ற பணத்தைத் தேட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உத்கம் தளத்தில் பெயரைத் தேடிவிட்டு வங்கியிடமே கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது வேலை நாள் மாலை குறுஞ்செய்தி வந்தது. நாமினியைப் பாஸ்புக்கில் அச்சடித்து வாங்கலாம் என்று மறுநாள் போனால், பிரிண்டரில் "பழுது" என்று தாள் ஒட்டியிருந்தது. "அடுத்த வாரம் வாங்க சார்" என்றார்கள். விமானம் ஞாயிற்றுக்கிழமை.