மலைவீட்டுக்கு எந்த நாய்: பந்தயத்தை விட்ட கிரேஹவுண்டா, சிப்பிப்பாறையா, ஊர் நாயா?

நீலகிரியில் வீடு வைத்திருப்பவர்கள் ஒல்லியான, நீளக்கால் நாய் ஒன்றை வளர்க்க ஆசைப்பட்டால் இன்று அவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பந்தயம் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுக்கலாம். நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை அல்லது கன்னி நாயை, அதிலும் யாரோ வளர்த்துக் கைவிட்ட பெரிய நாயை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாமென்றால், தெருவில் பிறந்த ஊர் நாய் எப்போதும் உண்டு. மூன்றையும் நேசிப்பவன் நான். ஆனால் மூன்றும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது.

முதலில் கிரேஹவுண்ட். பந்தய நாய் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஓய்வுக்கு வந்துவிடும். அடிபட்டால் அதற்கும் முன்பே. ஆயுளோ பத்திலிருந்து பதினான்கு வருடம் வரை. அதாவது பாதிக்கு மேல் வாழ்க்கை மீதமிருக்கும்போதே அதற்கு வேலை போய்விடுகிறது. உலகெங்கும் பந்தயத் தடங்கள் மூடப்பட்டு வருகின்றன. சீனாவின் மக்காவிலிருந்த நாய்ப்பந்தய மைதானம் 2018இல் மூடப்பட்டபோது ஐநூறுக்கும் மேற்பட்ட நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மக்கள் பந்தயத்துக்கு எதிராக வாக்களித்ததால் அங்கே 2020 முடிவோடு பந்தயம் நின்றது. நியூசிலாந்து அரசும் பந்தயத்தை நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. நம் நாட்டிலோ பஞ்சாபின் கிராமப் பந்தயங்களில் ஓடி, கால் உடைந்ததும் வயல்வெளியில் விடப்படும் கிரேஹவுண்டுகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து நாய்களை விற்பனைக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் இறக்குமதி செய்ய 2013 முதலே கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தோடு இங்கே திரும்பி வருபவர் தன் செல்ல நாயைக் கூட்டி வருவது வேறு விஷயம். அப்படி வருபவர் அல்லாத மற்றவர்களுக்கு வடக்கிலிருந்து மீட்கப்பட்ட நாய்தான் நேர்மையான வழி.

இந்த நாயைப் பற்றிப் பலர் நினைப்பது, நாள் முழுக்க ஓட வைக்க வேண்டும் என்று. உண்மை அதற்கு நேர் எதிர். ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். இரண்டு வேளை நிதானமான நடை போதும். குரைப்பது அபூர்வம், அந்நியரைப் பார்த்தால் வாலாட்டும், ஆகவே காவலுக்கு உதவாது. கொட்டடியில் பல நாய்களோடு வளர்ந்ததால் தனிமை அதற்குப் பழக்கமில்லை. மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழவழப்பான தரை எல்லாமே புதுசு. குன்னூரில் தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குப் போகவே நாற்பது படி ஏற வேண்டிய வீடுகள் உண்டு. அங்கே முதல் சில வாரம் நாயின் பின்னால் நின்று, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் பழக்க வேண்டும். பழைய பங்களாக்களின் மெருகேற்றிய மரத்தரையில் சாக்கு விரிப்பாவது போடுங்கள். இன்னொன்று, சில கிரேஹவுண்டுகள் கண்ணை மூடாமலே தூங்கும், தொட்டால் திடுக்கிட்டு உறுமும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், தூங்கும் நாயைப் பெயர் சொல்லி எழுப்பிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் உருவத்தில் கிரேஹவுண்டின் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தாலும் மனதளவில் வேறு. விருதுநகர், தூத்துக்குடி கரிசல் காட்டில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்து வளர்ந்த பரம்பரை. ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொள்ளும், மற்றவர்களை அளந்து பார்த்துத்தான் பழகும். அடித்துத் திட்டி வளர்த்தால் சுருங்கிப் போய்விடும். ராத்திரி கேட்டருகே ஆள் நடமாட்டம் என்றால் சொல்லத் தெரியும். ராஜபாளையம் இன்னும் கனமான, இன்னும் காவல் குணமுள்ள நாய். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நான்கு இந்திய இனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் தூய வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சிலவற்றில் சேர்ந்தே வரும், அதைச் சோதித்துவிட்டு எடுங்கள். கடந்த சில வருடங்களில் பெருமைக்காக நாட்டு இனக் குட்டி வாங்கிவிட்டு, அது வளர்ந்து சுவர் தாண்ட ஆரம்பித்ததும் விட்டுவிடுபவர்கள் கூடிவிட்டார்கள். வாங்காதீர்கள், கைவிடப்பட்ட நாயைத் தேடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இப்போது மலைக்கு வருவோம். இங்கே எந்த நாய்க்கும் முதல் பிரச்சினை குளிர் இல்லை, ஓட்டம். கிரேஹவுண்ட் முழு வேகத்தில் நொடிக்கு 15 மீட்டருக்கு மேல் கடக்கும். முயலையோ கேளையாட்டையோ பார்த்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. சிப்பிப்பாறைக்கும் இதே கதைதான், அது பிறந்ததே முயல் வேட்டைக்கு. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து முடிந்த பாத்தியைப் பார்த்திருப்பீர்கள், வெட்டிய கிளைகள் ஈட்டி முனைகளாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கிரேஹவுண்டின் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் கிடையாது. அந்த வேகத்தில் பாத்திக்குள் பாய்ந்தால் தையல் போடும் அளவுக்குக் கிழியும். வளைவுக்கு அந்தப் பக்கம் கன்றோடு காட்டெருமை நிற்கலாம். நாய் ஒரு காட்டு முயலைக் கொன்றாலும் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும் விஷயம். அதனால் கழுத்துப் பட்டையும் கயிறும் இல்லாமல் வெளியே விடவே கூடாது. இந்த நாய்களின் கழுத்து தலையைவிடத் தடிமனாக இருப்பதால் சாதாரணப் பட்டை நழுவிவிடும். இழுத்தால் இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டை வேண்டும். கயிறில்லாமல் ஓட விட ஆசையா? ஆறடி வேலி போட்ட புல்வெளி இருந்தால் மட்டும்.

ராத்திரி விஷயம் இதைவிட முக்கியம். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எங்கும் சிறுத்தை வீட்டுப் பக்கம் வருகிறது, கட்டிப்போட்ட நாய்தான் அதற்கு எளிதான இரை. வெளியே கூண்டு வைத்து நாய் வளர்ப்பது நம் ஹட்டிகள் என்னும் படுகர் ஊர்களிலும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலும் பழக்கம் என்று தெரியும். கிரேஹவுண்டை அப்படி வைக்கவே முடியாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சிப்பிப்பாறையையும் ஊர் நாயையும் மட்டும் வைக்கலாம் என்பது எந்த நியாயம்? சிறுத்தை இனம் பார்ப்பதில்லை. மூன்றில் எதை எடுத்தாலும் பொழுது சாய்ந்ததும் உள்ளே, கதவைச் சாத்தி.

குளிருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும்போது கிரேஹவுண்டுக்கும் சிப்பிப்பாறைக்கும் ஸ்வெட்டர் கட்டாயம், தரையில் தடித்த மெத்தையும் வேண்டும். மற்ற மாதங்களில் சென்னை வெயிலைவிட மலைதான் கிரேஹவுண்டுக்குச் சுகம். ஊர் நாய்களில் மலையிலேயே பிறந்தவை பல, அடர்ந்த முடியோடு இருக்கும்.

வைத்தியம்தான் நான் நிறையக் கவலைப்படும் இடம். கிரேஹவுண்டின் ரத்தக் கணக்கு மற்ற நாய்களைப் போல இருக்காது. சிவப்பணு விகிதம் 50 முதல் 65 சதவீதம் வரை இருக்கும், மற்ற நாய்களுக்கு இது அதிகம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தாலும் இதற்கு இயல்பு, மற்ற நாய்களுக்கு அது குறைவு. தைராய்டு அளவும் குறைவாகவே காட்டும். உண்ணிக் காய்ச்சலும் தட்டணுவைக் குறைக்கும். அது சாதாரணமாக வரும் ஊரில், தட்டணு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஆரோக்கியமான நாய்க்கு வாரக்கணக்கில் மருந்து ஓடிவிடலாம். மறுபக்கம், உண்மையிலேயே உண்ணிக் காய்ச்சல் இருப்பதை ‘இந்த இனமே இப்படித்தான்’ என்று விட்டுவிடவும் வாய்ப்புண்டு. மயக்க மருந்தும் அப்படியே. தயோபென்டோன் வகை மருந்து உடம்பை விட்டுப் போக இவற்றுக்கு மிக நேரமாகும், ஆபத்தாகவும் முடியலாம். கருத்தடைக்கோ பல் சுத்தம் செய்யவோ கூட்டிப் போகும்போது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பந்தய நாய்களுக்குப் பல் கெட்டிருப்பது சகஜம், பாதத்தில் ஆணி வருவதும் உண்டு. வயதான நாய் திடீரென நொண்டினால் எலும்புப் புற்று இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. சிப்பிப்பாறையும் கொழுப்பில்லாத வேட்டை நாய் என்பதால் மயக்க மருந்து விஷயத்தில் அதே எச்சரிக்கையோடு நடந்துகொள்ளச் சொல்வேன்.

ஊர் நாய்க்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. தடுப்பூசி, கருத்தடை, உண்ணி மருந்து, மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைக் கவனிப்பது, அவ்வளவுதான். குரைக்கும், காவல் காக்கும், மிச்சச் சோறும் சாப்பிடும். சோபாவில் நீட்டிப் படுக்கும் அந்த நீளக்கால் அழகு மட்டும் கிடையாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

என் கணக்கு இப்படி. வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கும் இருவர், படி அதிகமில்லாத வீடு, பூனையோ கோழியோ கிடையாது, இரண்டு மணி நேரத்தில் ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ நல்ல கால்நடை மருத்துவரை எட்ட முடியும் என்றால் கிரேஹவுண்டை எடுங்கள். அதைவிட மென்மையான துணை எனக்குத் தெரியாது. காவலும் வேண்டும், பொறுமையும் இருக்கிறது, ஒரே ஆள் தினமும் நடக்கக் கூட்டிப் போவார் என்றால் கைவிடப்பட்ட சிப்பிப்பாறை. தோட்டம், ஆடு, கோழி, வந்துபோகும் ஆட்கள் என்று வீடு கலகலப்பாக இருந்தால் ஊர் நாய்தான், மறு யோசனையே வேண்டாம். வேட்டை நாய் எதை எடுத்தாலும், வந்த முதல் மாதத்தில் அது நன்றாக இருக்கும்போதே முழு ரத்தப் பரிசோதனை செய்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நாயின் சொந்த எண்கள் கையில் இருக்கும்.