திருப்பாப்புலியூர் சலூன்: கட்டிங் சுமார், பேச்சுக்காகப் போகலாம்

கட்டிங் 120 ரூபாய், ஷேவிங் 60. விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் முடியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை.

கடலூர் பான்பரி மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மூன்று நாற்காலி, அதில் நடு நாற்காலியின் கைப்பிடி கிழிந்து டேப் சுற்றியிருக்கும். ஏசி கிடையாது. கடைக்காரர் மிஷினைவிடக் கத்தரியை நம்புகிறவர், ஒரு தலைக்கு அரைமணி ஆக்குவார். ஃபேடு வெட்டச் சொல்லும் பையன்கள் வேறு கடை பார்த்துக்கொள்வது நல்லது. 'கொஞ்சம் குறைச்சு விடுங்க' என்று உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு இது போதும்.

வழக்கமாகச் சலூனில் கண்ணாடிக்கு மேலே 'இங்கு அரசியல் பேசாதீர்' என்று ஒட்டியிருப்பார்கள். இங்கே அது இல்லை. பெஞ்சில் முரசொலி, தீக்கதிர், விடுதலை, துக்ளக், தினமலர், தினத்தந்தி எல்லாம் கிடக்கும். அவரவர் பேப்பரை அவரவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் விடமாட்டார். கொஞ்சம் பழகியதும் நீங்கள் எந்தப் பக்கம் என்று பிடித்துவிடுவார். அப்புறம் உங்கள் கைக்கு வருவது எதிர்ப்பக்கப் பேப்பர்தான். "உங்களுது வீட்லயே படிச்சிருப்பீங்க சார், இதைப் பாருங்க."

அடுத்தது அவருடைய சட்டம். ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்வதற்கு முன், அவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால்தான் உங்கள் முறை.

நான் மதுவிலக்கு வேண்டும் என்கிற ஆள். பக்கத்து நாற்காலியில் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் செய்பவர், அதெல்லாம் கடலூரில் நடக்காது என்றார். "வருமானம் போயிடும்னு சொல்ற கதைதானே இது" என்று நான் ஆரம்பித்தேன். என் தலையில் ஓடிக்கொண்டிருந்த கத்தரி நின்றுவிட்டது. பாதி வெட்டிய தலையோடு எழுந்து போகவும் முடியாது.

"அவர் வருமானம்னே சொல்லலியே சார். என்ன சொன்னாரு, சொல்லுங்க."

சொன்னேன். "பெண்ணையாத்துப் பாலம் தாண்டினா கன்னியக்கோயில், அது புதுச்சேரி. இங்க மூடினா அங்க போவாங்க. அதானே?"

"பாதிதான் சார்" என்றார் ஐஸ்காரர். "போக வசதியில்லாதவன் எங்க போவான்? சாராயத்துக்குப் போவான். சாவறது அவன்தான். ராஜாஜி 1937-ல சேலம் ஜில்லாவுல மட்டும்தான் ஆரம்பிச்சாரு. பக்கத்து ஜில்லாவுல கடை இருந்துச்சுல்ல?"

இப்போது என் முறை. 2023-ல் மரக்காணம் பக்கம், 2024-ல் கள்ளக்குறிச்சி, இரண்டும் கள்ளச்சாராயச் சாவுகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபது பேருக்கு மேல் போனார்கள். இரண்டு முறையும் டாஸ்மாக் கடைகள் திறந்துதானே இருந்தன என்று கேட்டேன். உடனே கடைக்காரர் ஐஸ்காரர் பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க சொல்லுங்கண்ணே, சார் என்ன சொன்னாரு?"

அவர் சொன்னது இது: "கடை இருந்தும் அந்த விலை கூலிக்காரனுக்குக் கட்டல. அதான் பாக்கெட் சாராயம் வாங்குறான். கடை அவனைக் காப்பாத்தலன்னு சார் சொல்றாரு." விலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. என் வாதத்துக்கு இல்லாத காலை அவரே ஒட்டவைத்துக் கொடுத்தார்.

நான் இன்னும் மதுவிலக்குப் பக்கம்தான், அவரும் மாறவில்லை. ஆனால் புதுச்சேரியையும் சேர்க்காமல் கடலூரில் மதுவிலக்கு பேசினால் எடுபடாது என்பது எனக்குப் பட்டது. என் பேப்பரில் இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இந்தச் சட்டம் ரொம்பப் படுத்துகிறதே என்று ஒருநாள் முனகினேன். பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பிடித்துக்கொண்டார். பண்ருட்டி பக்கத்துத் திருத்துறையூர் அருணந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே செய்ததுதானாம். அவருடைய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம், அதாவது எதிர்த்தரப்பு முதலில்; சுபக்கம், அதாவது தன் தரப்பு அப்புறம். அதிலும் உலகாயதன் என்ன சொல்கிறான் என்று முதலில் விரித்துவிட்டுத்தான் மறுப்பு. "கடவுள் இல்லேங்கிறவனுக்கே முதல் இடம் குடுத்திருக்காரு, உங்களுக்கு என்னய்யா அவசரம்?" 1944-ல் பெரியார் மீது செருப்பு வீசி, 1972-ல் அவருக்குச் சிலையும் வைத்த ஊர் இது. அவசரக்காரர்களுக்கு இங்கே குறைவில்லை.

குறைகளும் உண்டு. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் கும்பலாக வந்தால் சட்டம் செல்லாது, டிவியில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். சாதிப் பேச்சு வந்தால் கடையே வாயை மூடிக்கொள்கிறது, அங்கே யாரும் யார் சொன்னதையும் திருப்பிச் சொல்வதில்லை. பேசுவதெல்லாம் ஆண்கள். மதுவிலக்கைப் பற்றிப் பேச அதிகம் உரிமையுள்ள பெண்களின் குரல் அந்த பெஞ்சுக்கு வராது. கடைக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சாமர்த்தியம் என்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் புகாரில்லை.

செவ்வாய் விடுமுறை. ஞாயிறு காலை கூட்டம், அன்று பேச்சுக்கு நேரமிருக்காது, கட்டிங்கும் அவசரமாகத்தான் நடக்கும். வார நாளில் மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். ஜிபே உண்டு. பிளேடு புதுசு மாட்டுகிறாரா என்று கேட்கவே வேண்டாம், உறையை உங்கள் கண்முன்தான் பிரிப்பார்.